கைக்கடிகாரம் காட்டும் கலோரி: கிளியர் ஆகாத செக்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. கேட்டவர்கள் சிலர் எழுதித் தரச் சொன்னதால், கணக்குகளை ஒருமுறை சரிபார்த்துச் செய்திமடலுக்குத் தருகிறேன்.)



குடிநீர், குப்பை வண்டி, தெருவிளக்கு என்று பேசும் இந்த மேடையில் இன்று என்னை உடம்பைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்ல. பி.காம். படித்து, 36 வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் வரவும் செலவும்தான். ஆகவே நம் நடைப்பயிற்சிக் குழுவில் வாரம் ஒருவராவது கேட்கும் ஒரு கேள்வியை வரவு செலவுக் கணக்காகவே பார்க்கிறேன்.

கேள்வி இதுதான்: "எடை குறைய வேண்டும் என்று அளவாகச் சாப்பிடுகிறேன். காலையில் ஒரு மணி நேரம் நடந்து 300 கலோரி எரித்துவிட்டேன். அந்த 300 கலோரியைக் கூடுதலாகச் சாப்பிட்டுக்கொள்ளலாமா, கூடாதா?"

நான் முதலில் "சாப்பிடலாம்" என்று இருந்து ஏமாந்தேன். பிறகு "கூடவே கூடாது" என்று இருந்து மாமல்லபுரத்தில் விழப் பார்த்தேன். இரண்டையும் ஒளிக்காமல் சொல்கிறேன். உங்களுக்கு அந்தச் செலவு மிச்சமாகட்டும்.

போன வருடம் என் எடை 78 கிலோ, உயரம் 168 செ.மீ., வயது 64. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்டு. "ஐந்தாறு கிலோ குறையுங்கள்" என்றார் டாக்டர். மகள் ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினாள். அதோடு சேர்ந்த செயலி போனில் ஏறியது. எடை, உயரம், வயது எல்லாம் போட்டேன். "உங்கள் வாழ்க்கை முறை என்ன?" என்று கேட்டது. தினம் நடக்கிறோமே என்று "சுறுசுறுப்பு" வகையைத் தொட்டேன். நாளைக்கு 1,580 கலோரி சாப்பிட்டால் 500 கலோரி குறைவு விழும் என்றது. 90 நாளில் 45,000 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்பு என்பது தோராயமாக 7,700 கலோரி. ஆக, மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஆறு கிலோ. வட்டிக் கணக்கு போலத் துல்லியமாக இருந்தது.

தினமும் கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு மணி நேரம் நடந்தேன். வீட்டுக்கு வந்தால் கடிகாரம் 340 என்று காட்டும். செயலி அந்த 340-ஐ என் கணக்கில் வரவு வைக்கும். உழைத்துச் சேர்த்த பணம்தானே என்று இரண்டு மெதுவடை, சர்க்கரை போட்ட காபி என்று அன்றைக்கே எடுத்துவிடுவேன். மூன்று மாதம் கழித்து எடை மெஷினில் ஏறினேன். 77.6. வீட்டுக்காரி ஒரே வரியில் தணிக்கை முடித்தாள்: "என்னங்க, போட்டதை வட்டியும் முதலுமா அன்னைக்கே எடுத்துட்டா, கணக்குல என்ன மிஞ்சும்?"

எங்கே தவறு என்று நோட்டுப் புத்தகம் எடுத்து உட்கார்ந்தேன். மூன்று தவறுகள் இருந்தன.

முதல் தவறு, ஒரே வரவை இரண்டு முறை பதிவு செய்தது. என் உடம்பு சும்மா இருந்தாலே செலவழிப்பது, மிஃப்ளின் சூத்திரப்படி, நாளைக்குச் சுமார் 1,515 கலோரி. அதிகம் அசையாதவர் என்றால் இதை 1.2-ஆல் பெருக்கவேண்டும்: 1,818. ஓரளவு நடப்பவர் என்றால் 1.375-ஆல்: 2,083. இரண்டுக்கும் வித்தியாசம் 265. அந்த 265 எதற்கு? நான் காலையில் நடக்கும் நடைக்குத்தான்! "சுறுசுறுப்பு" என்று தொட்டபோதே என் நடைக்கான வரவு வந்துவிட்டது. பிறகு கடிகாரம் அதே நடைக்கு மறுபடி 340 வரவு வைத்தது. கவுன்டரில் இப்படி ஒரு வவுச்சரை இரண்டு முறை போட்டிருந்தால் அன்று இரவு வீட்டுக்குப் போயிருக்க முடியாது.

இரண்டாவது தவறு, மொத்தத்தை நிகரம் என்று நினைத்தது. சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால், ஒரு கிலோ எடைக்கு மணிக்குச் சுமார் 3.5 கலோரி செலவாகும். என் 78 கிலோவுக்கு 273. ஆனால் நடக்காமல் நாற்காலியில் பேப்பர் படித்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் 78 கலோரி போயிருக்கும். அதைக் கழித்தால் நடையால் கூடுதலாகக் கிடைத்தது 195 மட்டும். சுலபமாக நினைவில் வைக்க ஒரு வழி: ஒரு கிலோமீட்டருக்கு உங்கள் எடையில் பாதி. எடை 70 கிலோ என்றால் கிலோமீட்டருக்கு 35 கலோரி.

மூன்றாவது தவறு, கடிகாரத்தை நம்பியது. 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 60 பேருக்கு ஏழு வகைக் கைக்கருவிகளைக் கட்டிவிட்டுச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை ஏழில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லின. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதில் நல்ல கருவிக்கே சராசரிப் பிழை 27 சதவீதம், மோசமானதற்கு 93 சதவீதம். அதற்குப் பின் புது மாடல்கள் வந்திருக்கின்றன. ஆனால் கடிகாரம் கலோரியை அளப்பதில்லை, துடிப்பையும் கை அசைவையும் வைத்து ஊகிக்கிறது என்பது மாறவில்லை. நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கத்திரியில் கடற்கரைப் புழுக்கத்தில் நடந்தால் உடம்பைக் குளிர்விக்கவே இதயம் வேகமாக அடிக்கும். அதையும் உழைப்பு என்று கருவி எழுதிக்கொள்ள வாய்ப்புண்டு. அப்படி நடந்து வந்து மெஷினில் ஏறினால் ஒரு கிலோ குறைந்திருக்கும். அது வியர்வைத் தண்ணீர். மத்தியானத்துக்குள் திரும்பிவிடும்.

இந்த மூன்றுக்கும் மேலே உடம்பே ஒரு பிடித்தம் செய்கிறது. 2021-ல் 1,700-க்கும் மேற்பட்டவர்களின் ஆற்றல் செலவை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியானது. நாம் உடலுழைப்பில் கூடுதலாகச் செலவழிப்பதில் சராசரியாக 28 சதவீதத்தை உடம்பு வேறு வேலைகளில் சிக்கனம் செய்து ஈடுகட்டிவிடுகிறது என்பது அதன் முடிவு. கொழுப்பு அதிகமுள்ளவர்களிடம் இந்த ஈடுகட்டல் இன்னும் கூடுதல். டி.டி.எஸ். மாதிரி, கைக்கு வருமுன்பே பிடித்துவிடுகிறார்கள். என் 195-ல் 28 சதவீதம் போனால் 140.

ஆக, கடிகாரம் சொன்னது 340, கைக்கு வந்தது 140. வங்கியில் இருந்தவர்களுக்குத் தெரியும், செக் போட்ட உடனே லெட்ஜரில் தொகை ஏறும். ஆனால் கிளியரிங் முடியும்வரை அதை எடுக்க முடியாது. கடிகாரம் காட்டும் கலோரி அந்த மாதிரி கிளியர் ஆகாத செக். நான் அதை நம்பி தினமும் பணம் எடுத்தேன்.

இப்போது என் மொத்தக் கணக்கைப் பாருங்கள். செயலி அனுமதித்த 1,580-உம் கடிகாரத்தின் 340-உம் சேர்ந்து நான் சாப்பிட்டது 1,920. உண்மையான செலவு 1,818-உம் 140-உம் சேர்ந்து 1,958. குறைவு விழுந்தது 500 அல்ல, 38 கலோரி! குழம்பில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடினால் அதுவே 120. மூன்று மாதத்தில் 400 கிராம் குறைந்ததே பெரிய விஷயம்.

நடைக்கும் உணவுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நம் பக்கத்து ஊரை வைத்தே சொல்கிறேன். திருக்கழுக்குன்றம் மலைக்கு ஐந்நூறுக்கு மேல் படிகள். ஏற்றம் சுமார் 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 78 கிலோ உடம்பை அவ்வளவு உயரம் தூக்க ஆகும் வேலை 18 கலோரிதான். தசை தான் எரிப்பதில் கால்பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால், நாலால் பெருக்கினால் 73. மூச்சு வாங்க ஏறி, வேதகிரீஸ்வரரைச் சேவித்து, கீழே வந்து ஒரு தட்டு வெண்பொங்கல் சாப்பிட்டால், அதில் மிதக்கும் இரண்டு டீஸ்பூன் நெய்யிலேயே ஏறியது போயிற்று. அரிசியும் பருப்பும் தனி. அந்த மலையில் முன்பெல்லாம் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டு போகும். காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே பறப்பவை அவை என்பது ஐதீகம். அவ்வளவு தூரம் பறந்தவற்றுக்குச் சர்க்கரைப் பொங்கல் தகும். நாம் காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு ஏறியவர்கள்.

"அப்படியானால் உழைப்பவர்கள் எல்லாம் நிறையச் சாப்பிடுகிறார்களே, அவர்கள் ஒல்லியாகத்தானே இருக்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. 1956-ல் ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞர், இந்திய ஆய்வாளர்களோடு சேர்ந்து, மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையைச் சேர்ந்த 213 பேரின் உணவையும் எடையையும் வேலையையும் ஒப்பிட்டு வெளியிட்டார். இலேசான வேலை செய்பவர்களிலிருந்து சுமை தூக்குபவர்கள், நிலக்கரி அள்ளுபவர்கள் வரை, வேலை கூடக்கூடச் சாப்பாடும் கூடியது. எடை ஏறவில்லை. பசியே அவர்களுக்குச் சரியான மீட்டராக இருந்தது. ஆனால் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் மீட்டர் பழுது. அவர்கள் இலேசான வேலை செய்பவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் அவர்களுக்கே அதிகம். அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் யார் தெரியுமா? கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், மேற்பார்வையாளர்கள், பிறகு என் இனம், கிளார்க்குகள்!

மாமல்லபுரத்தில் நாள் முழுக்கச் சுத்தியலும் உளியுமாகக் கல் கொத்தும் சிற்பி, கரையில் வலை இழுக்கும் மீனவர், வயலில் நாற்று நடும் பெண்கள், இவர்கள் எல்லாம் செலவழித்ததைச் சாப்பிட்டே ஆகவேண்டும். அவர்களுடைய செக் உடனுக்குடன் கிளியர் ஆகிறது. 23 மணி நேரம் உட்கார்ந்தும் படுத்தும் இருந்துவிட்டு ஒரு மணி நேரம் நடக்கும் நாம், அவர்களைப் போல "உழைத்தேன், சாப்பிடுகிறேன்" என்று சொல்ல முடியாது.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல உபதேசம். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டு முடித்த ஜோரில் நான் எதிர்ப்பக்கம் ஓடினேன். அதுதான் உங்களிடம் முக்கியமாகச் சொல்லவேண்டியது.

ஒரு ஞாயிறு, நம் குழு வேன் வைத்து மாமல்லபுரம் போனது. வெண்ணெய் உருண்டைப் பாறையிலிருந்து அர்ச்சுனன் தபசு, கலங்கரை விளக்கம், ஐந்து ரதம், பிறகு கடற்கரை மணல் வழியே திரும்புவது என்று திட்டம். கிளம்பும்போது வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டேன். நடையை முடித்துவிட்டுச் சாப்பிட்டால் குறைவு நன்றாக விழுமே என்று காலை உணவைத் தள்ளிவைத்தேன். முந்தின இரவும் அரை வயிறுதான். மணலில் நடப்பது ரோட்டில் நடப்பது மாதிரி இல்லை, கால் புதையும், உழைப்பு கூடும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனபோது கை நடுங்கியது. சட்டை நனைய வியர்த்தது. கடற்கரைக் கோயில் கண்ணெதிரே இருக்க, எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரியவில்லை. கூட வந்த சகோதரி ஒருவர், செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், என் முகத்தைப் பார்த்ததுமே பையிலிருந்த கருவியால் விரலில் குத்திப் பார்த்தார். 58. எழுபதுக்குக் கீழே போனாலே அபாயம். பக்கத்து டீக்கடைக்காரர் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தபோது 70-ஐத் தாண்டியிருந்தது. அதன் பிறகு இரண்டு இட்லி கொடுத்துச் சாப்பிட வைத்தார்கள். அன்று நான் தனியாகப் போயிருந்தால் இன்று இந்த மேடையில் வேறு யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். திட்டினார், திட்டிவிட்டு விளக்கினார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை தம் வேலையைச் செய்யும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் அதே நிலைதான். இவர்கள் வெறும் வயிற்றில் நெடுநேரம் நடந்தால் சர்க்கரை சரிந்துவிடும். இது எடைக் கணக்கே அல்ல, உயிர்க் கணக்கு. இங்கே "திரும்பச் சாப்பிடலாமா" என்று கேட்கவே கூடாது, சாப்பிட்டுவிட்டுத்தான் நடக்கவேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். எடை குறையக் குறைய மாத்திரை அளவையும் அவர்தான் மாற்றவேண்டும். எனக்கு அன்றே மாற்றினார்.

இன்னொன்றும் சொன்னார். நம் வயதில் கடுமையாகப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை போனால் மாடிப்படியில் கால் தடுமாறும். ஒரு கிலோ எடைக்குத் தினம் 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டு ஐ.சி.எம்.ஆர். பரிந்துரை. என் எடைக்கு அது 65 கிராம். இரண்டு இட்லி, சாம்பார், தயிர்சாதம் என்று ஓட்டினால் பக்கத்தில்கூடப் போகாது. பருப்பு, சுண்டல், முட்டை, தயிர், மீன் என்று தேடிச் சேர்க்கவேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இரண்டு பக்கமும் அடிபட்ட பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. செயலியில் "அதிகம் அசையாதவர்" என்றே வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்னபடி தினம் 1,500 கலோரி. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட நடைக்குக் கூடுதலாக எதுவும் சாப்பிடுவதில்லை. அது சேமிப்புக் கணக்கில் கிடக்கட்டும்.

இரண்டு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடந்தாலோ, சைக்கிள் ஓட்டினாலோ, திருவண்ணாமலை கிரிவலம் மாதிரி 14 கிலோமீட்டர் போனாலோ, கடிகாரம் காட்டுவதில் அதிகபட்சம் பாதி அளவுக்குச் சாப்பிடுகிறேன். அதையும் பஜ்ஜி, போண்டாவாக அல்லாமல் சுண்டலும் மோருமாக. வேர்க்கடலை நல்லதுதான், ஆனால் 30 கிராம் கைப்பிடிக்கே 170 கலோரி என்பது நினைவிருக்கட்டும்.

மூன்று. நெடுநடைக்கு முன் வெறும் வயிறு கிடையாது. சட்டைப்பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் உண்டு. சர்க்கரை சரியும்போது உடனே தேவைப்படுவது சர்க்கரைதான். பிஸ்கட், வடை எல்லாம் மெதுவாகத்தான் ஏறும்.

நான்கு. இது என் தொழில் ரகசியம்: வங்கிச் சரிகட்டும் பட்டியல். கடிகாரமும் செயலியும் நாமே எழுதும் ரொக்க ஏடு. எடை மெஷின்தான் பாஸ்புக். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் பாஸ்புக்கோடு சண்டை போடக்கூடாது. தினமும் காலை, காலைக்கடன் முடிந்ததும் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை எழுதுங்கள். இந்த வாரச் சராசரியை இரண்டு வாரத்துக்கு முந்தின சராசரியோடு ஒப்பிடுங்கள். வாரத்துக்குக் கால் கிலோவிலிருந்து அரை கிலோ குறைந்தால், செய்வதையே செய்யுங்கள். அசையவே இல்லை என்றால், எங்கோ திரும்பச் சாப்பிடுகிறீர்கள். வாரம் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தாலோ, தலைசுற்றல், அசதி, தூக்கமின்மை வந்தாலோ, நடப்பதற்கு ஏற்பச் சாப்பாட்டைக் கூட்டுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

இந்த முறையில் ஐந்து மாதத்தில் 78-லிருந்து 72 கிலோவுக்கு வந்திருக்கிறேன். இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ. இருந்தது, இப்போது 92. இந்திய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பது எல்லை. ஆக எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

ஒரு சந்தேகம் வரக்கூடும். ஒரு மணி நேர நடைக்கு 140 கலோரிதான் என்றால் எதற்காக நடக்கவேண்டும்? சாப்பிட்ட பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது, தசை நிற்கிறது, தூக்கம் வருகிறது. ஏரிக்கரையில் நாலு பேர் முகம் பார்க்கிறோம். இதெல்லாம் கலோரிக் கணக்கில் ஏறாத வருமானம். அன்று மணலில் என்னைத் தாங்கிப் பிடித்ததும் அந்த நாலு பேர்தான். ஆகவே வடைக்காக நடக்காதீர்கள், நடையை விட்டும் விடாதீர்கள்.

நாளைக் காலை ஐந்தரைக்கு வழக்கம்போல் நம் குடியிருப்பு வாசலில் சந்திப்போம். மாத்திரை சாப்பிடுபவர்கள் வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு வாருங்கள்.